மாசிக்கு முன் வாங்குவதா, அடுத்த வரைகலைச் சில்லுக்குக் காத்திருப்பதா?

தலவாக்கலை ஒளிப்பதிவாளன்
14 டிசெம்பர் 2025, இரவு 9.40

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். நான்கு வருடங்களாக எங்கள் பகுதிக் காமன் கூத்தைப் பதிவு செய்து வருகிறேன். காமனுக்குக் கம்பம் ஊன்றும் நாளிலிருந்து, அவனை எரிக்கும் காமதகனம் வரை, விடிய விடிய எடுப்பேன். ரதிக்கும் மன்மதனுக்கும் வேடம் கட்டுகிற மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். தப்படிக்கிற கைகளும் அப்படியே. ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போட எனக்கு மனம் இல்லை.

என்னிடம் இருப்பது 2020இல் வாங்கிய மடிக்கணினி. ஜிடிஎக்ஸ் 1650 வரைகலைச் சில்லு, 4 ஜிகாபைட் வரைகலை நினைவகம், பத்தாம் தலைமுறை இன்டெல் செயலி. புகைப்படக்கருவி 4கே அளவில், 10 பிட், 4:2:2 எச்.265 கோப்புகளைத் (நிற விவரம் கூடிய, மிகவும் சுருக்கிய காணொளி) தருகிறது. இரவில் நான்கு மின்குமிழ்களின் வெளிச்சத்தில் எடுப்பதால் படம் முழுவதும் இரைச்சல், அதாவது பறக்கும் புள்ளிகள். டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் கட்டணப் பதிப்பு கருவியோடு வந்தது. அதில் இரைச்சல் நீக்கத்தைப் போட்டதும் வரைகலை நினைவகம் நிரம்பிவிட்டது என்று நின்றுவிடுகிறது.

கையில் நான்கு இலட்சம் ரூபாய் இருக்கிறது. அதில் அம்மாவின் சேமிப்பும் உண்டு. வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 1,750 ரூபாய் நாட்சம்பளத்தையே வைத்துப் பார்த்தாலும் இது ஏறத்தாழ 229 நாள் கொழுந்து பறிக்கிற கூலி. தவறாக வாங்கினால் இன்னொரு முறை வாங்க முடியாது. பெப்ரவரி 17 மாசி அமாவாசை, அதையொட்டித்தான் கூத்து. அதற்கு முன் இயந்திரம் கைக்கு வர வேண்டும். இப்போதே வாங்குவதா, ஜனவரியில் புதியவை வரும் என்கிறார்களே, அதுவரை பொறுப்பதா?

பதுளை இளவல்
14 டிசெம்பர் 2025, இரவு 10.15

அண்ணா, தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள்! ஜனவரி 6ஆம் திகதி லாஸ் வேகாஸில் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சி தொடங்குகிறது. ஆர்டிஎக்ஸ் 50 வரைகலைச் சில்லு வரிசையை 2025 ஜனவரியில் என்விடியா நிறுவனம் அறிவித்தது அதையொட்டித்தான். இந்த முறை அதே வரிசைக்குச் 'சுப்பர்' பதிப்புகள் வரும், அவற்றில் நினைவகம் கூடும் என்று எல்லா இடத்திலும் பேசுகிறார்கள். 8 ஜிகாபைட் இருக்கும் இடத்தில் 12 வந்தால் உங்கள் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. மூன்று வாரம்தானே, பொறுங்கள். நானும் விளையாட்டுகளுக்காக அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

பண்டாரவளைப் பட்டறை
15 டிசெம்பர் 2025, காலை 7.05

தம்பி, பதினொரு வருடமாக மடிக்கணினி திருத்துகிறேன். கண்காட்சியில் அறிவிப்பது வேறு, அது பண்டாரவளைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்பது வேறு. 50 வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மேடையில் காட்டினார்கள். அந்தச் சில்லுகள் பொருத்திய மடிக்கணினிகள் வெளிநாட்டிலேயே மார்ச் கடைசியில்தான் விற்பனைக்கு வந்தன. அதுவும் விலை உயர்ந்தவை முதலில். அந்த வரிசையில் நம் கைக்கு எட்டும் 5060 சில்லு மே மாதத்தில் வந்தது. அதன் பிறகு கப்பல், சுங்கம், 18 சதவீதப் பெறுமதி சேர் வரி, கொழும்பு மொத்த வியாபாரி, கடைசியில்தான் நம்மூர். ஜனவரியில் அறிவிப்பதை மாசியில் கையில் வைத்திருப்பது நடக்காத காரியம்.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். உங்கள் இயந்திரத்தில் எது தீர்கிறது? வேகமா, நினைவகமா? பணி மேலாளரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் வரைகலைச் சில்லைத் தொட்டால் அதற்கென ஒதுக்கிய நினைவகம் எவ்வளவு நிரம்புகிறது என்று தெரியும். வேலை செய்துகொண்டே பார்த்துச் சொல்லுங்கள்.

தலவாக்கலை ஒளிப்பதிவாளன்
15 டிசெம்பர் 2025, இரவு 8.50

பார்த்தேன் அண்ணா. இரைச்சல் நீக்கம் இல்லாமலேயே 4 ஜிகாபைட்டில் 3.4 போய்விடுகிறது. போட்டதும் முழுவதும் நிரம்பி நிற்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். வெறுமனே காட்சியை ஓட்டும்போதுகூடச் செயலி நூறு சதவீதத்தில் இருக்கிறது. வரைகலைச் சில்லு அப்போது ஏறத்தாழச் சும்மா இருக்கிறது.

ஹட்டன்–பேராதனை மாணவி
15 டிசெம்பர் 2025, இரவு 11.20

அண்ணா, உங்கள் கடைசி வரிதான் முக்கியமானது. பேராதனையில் பொறியியல் படிக்கிறேன், வீடு ஹட்டனில். எனக்குத் தெரிந்தவரை விரிவாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. முதலாவது, சுருக்கிய கோப்பைப் பிரித்துப் படமாக்குவது. 4:2:2 எச்.265 கோப்பைப் பிரிக்கும் வன்பொருள் 1650இலும் இல்லை, உங்கள் பத்தாம் தலைமுறைச் செயலியிலும் இல்லை. அதனால் செயலியின் பொதுக் கருக்கள் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்குகின்றன. இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து தன் உள்ளிணைந்த வரைகலையில் இந்த வசதியைத் தந்தது. என்விடியாவில் 30 வரிசையிலும் இல்லை, 40 வரிசையிலும் இல்லை. 50 வரிசையில்தான் முதன்முதலாக வந்திருக்கிறது. விளம்பரங்களில் இதைப் பெரிதாகப் போடவில்லை. உங்களைப் போன்ற ஒருவருக்கு இதைவிடப் பெரிய முன்னேற்றம் அந்த வரிசையில் இல்லை என்பேன்.

இரண்டாவது, இரைச்சல் நீக்கம். முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களை ஒப்பிட்டு இரைச்சலைப் பிரிக்க வேண்டும் என்றால் அத்தனை சட்டகங்களும் ஒரே நேரத்தில் வரைகலை நினைவகத்தில் இருக்க வேண்டும். 4கே அளவில் அதற்கு 4 ஜிகாபைட் போதாது. இதற்குச் சில்லின் தலைமுறை எண் மருந்தாகாது, நினைவகத்தின் அளவுதான் மருந்து.

இளவல் தம்பி சொன்ன 12 ஜிகாபைட் வதந்திக்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. 5060, 5070 மடிக்கணினிச் சில்லுகளுக்கு நினைவகப் பாதை 128 பிட். ஒரு நினைவகச் சில்லுக்கு 32 பிட் வேண்டும். ஆகவே நான்கு சில்லுகள். ஒவ்வொன்றும் 2 ஜிகாபைட் என்பதால் மொத்தம் 8. இவற்றில் உள்ள ஜிடிடிஆர்7 நினைவக வகையில் 3 ஜிகாபைட் சில்லுகளும் இப்போது தயாராகின்றன. அதே நான்கு இடங்களில் அவற்றைப் பொருத்தினால் 12. மடிக்கணினிக்கான 5090இல் ஏற்கெனவே இதைச் செய்துவிட்டார்கள்: 256 பிட், எட்டுச் சில்லுகள், மும்மூன்றாக 24 ஜிகாபைட். தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. எப்போது நம் விலைக்கு இறங்கும் என்பதுதான் கேள்வி.

பதுளை இளவல்
16 டிசெம்பர் 2025, காலை 6.30

அக்கா, அப்படியென்றால் 5070 வாங்கினால்? எண் கூடியது, வேகமும் கூடும் அல்லவா?

ஹட்டன்–பேராதனை மாணவி
16 டிசெம்பர் 2025, பகல் 1.10

தம்பி, மடிக்கணினியில் அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. மேசைக்கணினியின் 5070க்கு 6,144 கூடா கருக்களும் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) 12 ஜிகாபைட் நினைவகமும். மடிக்கணினியின் 5070க்கு 4,608 கருக்களும் 8 ஜிகாபைட்டும். பெயர் ஒன்று, பொருள் வேறு. உச்சியிலும் இதே கதைதான். மேசைக்கணினி 5090இல் 21,760 கருக்கள், மடிக்கணினி 5090இல் 10,496. வாங்குகிறவர் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 5060இலிருந்து 5070க்குப் போனால் கருக்கள் 3,328இலிருந்து 4,608 ஆகும். நினைவகம் அதே 8தான். அண்ணாவின் நோய்க்கு அந்த மேலதிகப் பணம் உதவாது. 12 ஜிகாபைட் வேண்டும் என்றால் 5070 டிஐ வரை ஏற வேண்டும். நான்கு இலட்சத்துக்குள் அது இல்லை.

2025 ஜனவரியில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் 5070 அட்டை பழைய 4090இன் வேகத்தைத் தரும் என்று மேடையில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். சில்லு உண்மையில் வரைந்த ஒரு சட்டகத்துக்குப் பின்னால் மூன்று சட்டகங்கள் வரை ஊகித்து இட்டு நிரப்புகிற முறையைச் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. உன் விளையாட்டுக்கு அது பயன்படலாம். கூத்துப் படத்தில் இரைச்சல் நீக்க அது ஒரு துளியும் பயன்படாது.

பண்டாரவளைப் பட்டறை
16 டிசெம்பர் 2025, மாலை 6.45

தங்கச்சி சொன்னதோடு வாட் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே 5060ஐ 45 வாட்டிலும் ஓட்டலாம், 100 வாட்டிலும் ஓட்டலாம். எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வது மடிக்கணினியைச் செய்கிற நிறுவனம். மெல்லிய உடம்புக்குள் 5070ஐ வைத்து 50 வாட்டில் இழுத்துப் பிடித்திருப்பார்கள். பக்கத்தில் தடித்த உடம்போடு இருக்கும் 5060 நூறு வாட்டில் நிம்மதியாக ஓடும். கடையில் 'எத்தனை வாட்' என்று கேட்டால் பல விற்பனையாளர்களுக்குப் பதில் தெரியாது. மாதிரி எண்ணை முழுவதாகக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் பாருங்கள். அதில் எழுதாத மடிக்கணினியை வாங்க வேண்டாம்.

கொட்டகலையிலிருந்து
17 டிசெம்பர் 2025, காலை 8.20

எல்லோரும் வரைகலையையே பேசுகிறீர்கள். சாதாரண நினைவகத்தின் விலையைப் பார்த்தீர்களா? டிசெம்பர் 3ஆம் திகதி மைக்ரான் தன் 'குரூசியல்' நுகர்வோர் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. உலகத்து நினைவகத்தின் பெரும் பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர்தான். மூவரும் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள். புதிய மடிக்கணினிகள் வரும்போது இந்த விலையைச் சுமந்துகொண்டுதான் வரும். காத்திருந்தால் மலிவாகும் என்ற பழைய பழக்கத்தை இந்த வருடம் விட்டுவிட வேண்டும்.

நுவரெலியா ஆசிரியர்
17 டிசெம்பர் 2025, இரவு 7.30

கொட்டகலை நண்பர் சொல்வது சரி. 2022இல் நானே அனுபவித்தேன். அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாய் அளவில் இருந்தது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்து வாங்கலாம் என்று விட்டேன். மே மாதம் அது 360ஐத் தொட்டது. மாணவர்களுக்காகச் சேர்த்த பணத்தில் இரண்டு இயந்திரங்கள் வாங்க நினைத்த இடத்தில் ஒன்றைத்தான் வாங்கினேன். மனம் ஆறவில்லை இன்னும்.

வாட் பற்றி ஒரு கேள்வி. எங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் குளிர். கொழும்பில் சூடாகிற மடிக்கணினி இங்கே நன்றாக ஓடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

ஹட்டன்–பேராதனை மாணவி
17 டிசெம்பர் 2025, இரவு 10.55

சேர், இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்!

விசிறி தள்ளுவது காற்றின் கன அளவை. வெப்பத்தைச் சுமந்து போவது காற்றின் நிறை. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் காற்று சற்று அடர்த்தியானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கொழும்புக் காற்றின் நிறையில் 84 சதவீதம் அளவுதான் அதே விசிறிக்குள் போகிறது. மறுபுறம், கொழும்பில் 30 பாகைக் காற்று உள்ளே போகிறது, நுவரெலியாவில் 16 பாகை. சில்லு 87 பாகையில் ஓடுகிறது என்று வைத்தால் வெப்ப இடைவெளி அங்கே 57, இங்கே 71. நான்கில் ஒரு பங்கு கூடுதல். இரண்டையும் பெருக்கினால் ஐந்து சதவீதம் அளவுக்கு இலாபம் மிஞ்சுகிறது. இது கரட்டுக் கணக்குத்தான். ஆனால் குளிர் தரும் நன்மையில் பெரும் பகுதியை மெல்லிய காற்று திருப்பி எடுத்துக்கொள்கிறது என்பது நிச்சயம். ஆகவே 'நம்மூர் குளிர், மெல்லிய மடிக்கணினி போதும்' என்று யாரும் நம்ப வேண்டாம்.

பண்டாரவளைப் பட்டறை
18 டிசெம்பர் 2025, காலை 7.15

கணக்கு அருமை, தங்கச்சி. என் மேசைக்கு வருகிற இயந்திரங்களைத் திறந்தால் நான் காண்பதையும் சொல்கிறேன். லயம் என்கிற தோட்ட வரிசை வீடுகளிலிருந்து வருபவற்றில் விசிறிக்குள் தூசு மட்டும் இருப்பதில்லை. விறகடுப்புப் புகையும் பனியீரமும் சேர்ந்து தார்போல ஒட்டியிருக்கும். தூரிகையால் போகாது. செப்புத் தகடுகளின் இடுக்கு முழுவதும் அடைபட்டிருக்கும். அந்த நிலையில் நூறு வாட்டும் இல்லை, ஐம்பது வாட்டும் இல்லை. தம்பி, அடுப்படிச் சுவருக்கு அப்பால் வைத்து வேலை செய்யுங்கள். வருடத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும். விசிறியை இலகுவாகக் கழற்றக்கூடிய உடம்பைத் தேர்ந்தெடுங்கள்.

பனியில் இரவு முழுவதும் வெளியே இருந்த கருவியையும் மடிக்கணினியையும் சூடான அறைக்குள் கொண்டுவந்த உடனே இயக்கக்கூடாது. பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள். உள்ளே நீர்த்துளி படிந்து பலகை பச்சை பூத்து வந்தவற்றை நிறையப் பார்த்துவிட்டேன்.

தலவாக்கலை ஒளிப்பதிவாளன்
18 டிசெம்பர் 2025, இரவு 9.10

அண்ணா, அந்த ஈரத்தை இந்த முறை நேரில் கண்டேன். நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கத் தொடங்கியதும் எல்லோரும் பாடசாலைக்குப் போனோம். மடிக்கணினியையும் நான்கு வருடப் பதிவுகள் இருக்கிற வன்தட்டையும் அரிசிப் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தேன். தட்டு தப்பியது. மடிக்கணினியின் விசைப்பலகையில் பாதி அதன் பிறகு வேலை செய்யவில்லை. ஊரில் உயிர்களைப் பறிகொடுத்தவர்கள் இருக்கும்போது இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டில் இருப்பவர்களில் மூன்று பேர் இன்று உயிரோடு இல்லை.

மின்சாரம் பற்றியும் கேட்க வேண்டும். மேல் கொத்மலை அணை எங்கள் ஊரிலேயே இருக்கிறது, 150 மெகாவாட். இருந்தும் எங்கள் வரிசையில் மாலை ஏழு மணிக்கு மின்குமிழ் மங்கிவிடும். 230 வாட் மின்மாற்றியோடு வருகிற மடிக்கணினியை இந்த மின்சாரம் தாங்குமா?

பண்டாரவளைப் பட்டறை
18 டிசெம்பர் 2025, இரவு 10.00

அழுத்தம் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். மடிக்கணினி மின்மாற்றியின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும். 170க்கு இறங்கினாலும் அது வேலை செய்யும், மின்கலமும் இருக்கிறது. அஞ்ச வேண்டியது மின்னலுக்கு. ஏப்ரல் மாதத்து மாலை இடிக்குப் பிறகுதான் என் கடையில் கூட்டம் கூடும். மின்னெழுச்சித் தடுப்பி ஒன்றை வாங்குங்கள். இடி தொடங்கினால் அதையும் நம்பாமல் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

பதுளை இளவல்
6 ஜனவரி 2026, பகல் 11.35

இரவு முழுவதும் விழித்திருந்து பார்த்தேன். என்விடியா புதிய வரைகலைச் சில்லு எதையும் அறிவிக்கவில்லை. 'சுப்பர்' என்ற சொல்லே வரவில்லை. டிஎல்எஸ்எஸ் 4.5 என்ற மென்பொருள் முன்னேற்றம் மட்டும் வந்திருக்கிறது. மனம் உடைந்துவிட்டது. அண்ணாவைப் பொறுக்கச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

ஹட்டன்–பேராதனை மாணவி
6 ஜனவரி 2026, இரவு 9.30

வருந்தாதே தம்பி, உன் கணிப்புக்குக் காரணம் இருந்தது. 3 ஜிகாபைட் நினைவகச் சில்லுகளுக்கு இப்போது எல்லாப் பக்கமும் போட்டி. இருக்கிறதை எங்கே அதிக விலை கிடைக்கிறதோ அங்கேதான் அனுப்புவார்கள். 12 ஜிகாபைட் நடுத்தர மடிக்கணினி வரும் என்றுதான் நான் இன்னும் நம்புகிறேன். இந்த மாசிக்கு இல்லை, அவ்வளவுதான்.

கண்காட்சியில் என்னை ஈர்த்தது இன்டெல். 18ஏ என்ற தயாரிப்பு முறையில் செய்த 'கோர் அல்ட்ரா' மூன்றாம் வரிசைச் செயலிகளை அறிமுகப்படுத்தினார்கள். ஜனவரி 27 முதல் விற்பனை. அதன் பெரிய வகையில் உள்ளிணைந்த வரைகலைக்கே 12 எக்ஸ்இ கருக்கள். தனி வரைகலைச் சில்லு இல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. நான்கைந்து வருடத்தில் நம் பிள்ளைகள் சாதாரண மடிக்கணினியிலேயே முப்பரிமாண வேலை செய்யலாம். ஆனால் அந்த 12 கரு வகைக்குப் பலகையோடு பற்றவைத்த எல்பிடிடிஆர்5எக்ஸ் நினைவகம். வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான்.

ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 செயலி இதைவிடப் பெரிய கனவு. 128 ஜிகாபைட் பொது நினைவகத்தில் 96 வரை வரைகலைக்கே ஒதுக்கலாம். அண்ணாவின் இரைச்சல் நீக்கத்துக்கு அது கடல். விலையும் கடல்தான், ஆகவே இப்போதைக்கு விட்டுவிடுவோம். 2025 செப்டெம்பரில் என்விடியா இன்டெலில் 500 கோடி டொலர் முதலிடுவதாக அறிவித்து, ஆர்டிஎக்ஸ் வரைகலையை இன்டெல் செயலியோடு ஒரே பொதியில் சேர்ப்போம் என்றார்கள். அது வருகிற நாளில் இந்த 8 ஜிகாபைட் சண்டையே பழங்கதையாகலாம். அதற்கு வருடங்கள் ஆகும்.

கொட்டகலையிலிருந்து
7 ஜனவரி 2026, காலை 8.00

பழையது வாங்கினால்? 2021, 2022 காலத்து ஆர்டிஎக்ஸ் 3080 மடிக்கணினிகளில் 16 ஜிகாபைட் வரைகலை நினைவகம் கொண்ட வகை உண்டு. ஏ5000 சில்லு வைத்த வேலைநிலைய மடிக்கணினிகளிலும் 16தான். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்தவை கொழும்பில் கிடைக்கின்றன.

பண்டாரவளைப் பட்டறை
7 ஜனவரி 2026, மாலை 7.20

நல்ல யோசனை, எனக்கும் அதே நினைப்பு வந்தது. பதினோராம் தலைமுறை இன்டெல்லோடு வந்தால் 4:2:2 கோப்பையும் உள்ளிணைந்த வரைகலை பிரித்துவிடும். என்னைப் போல் தானே திறந்து திருத்தக்கூடியவருக்கு நான் இதையே சொல்வேன். தம்பிக்குச் சொல்லத் தயங்குகிறேன். நான்கு வருடம் ஓடிய மின்கலம், காய்ந்துபோன வெப்பப்பசை, உத்தரவாதம் இல்லை. கூத்து நடக்கிற பதினைந்து நாளுக்குள் பலகை போனால் தலவாக்கலையில் யார் திருத்துவார்? அம்மாவின் சேமிப்பு இருக்கிற பணம் என்பதையும் நினைக்கிறேன்.

நுவரெலியா ஆசிரியர்
9 ஜனவரி 2026, இரவு 8.15

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் ஒருவர் 8 ஜிகாபைட் 5060 மடிக்கணினி வைத்திருக்கிறார். தலவாக்கலைத் தம்பி அனுப்பிய இரண்டு நிமிடக் காட்சியை அதில் போட்டுப் பார்த்தோம். 4கே காலவரிசை, முன்பின் இரண்டு சட்டகங்களை ஒப்பிடும் இரைச்சல் நீக்கம். வரைகலை நினைவகம் ஆறு ஜிகாபைட்டைத் தாண்டியது, நிரம்பவில்லை. வேலை முடிந்தது. ஐந்து சட்டகங்களுக்கு உயர்த்தியதும் நிரம்பி நின்றது. கோப்பை ஓட்டும்போது செயலி ஏறத்தாழச் சும்மா இருந்தது. மாணவி சொன்ன வன்பொருள் பிரிப்பு வேலை செய்கிறது.

இரண்டு சட்டகத்துக்கும் ஐந்து சட்டகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிய திரையில் பார்த்தோம். கொஞ்சம் இருக்கிறது. அதற்காக ஒரு மாசியை இழக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹட்டன்–பேராதனை மாணவி
9 ஜனவரி 2026, இரவு 9.00

சேர், மிக்க நன்றி. நூறு வதந்தியைவிட இந்த ஒரு சோதனை மேல். அண்ணா, இரைச்சல் நீக்கிய காட்சிகளை ஒவ்வொன்றாக இடைக்கோப்பாக எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொகுத்தால் நினைவகச் சுமை இன்னும் குறையும். 5060, வாட் கூடியது, நினைவகப் பலகை மாற்றக்கூடிய இரண்டு இடங்கள் உள்ளது. என் பதில் இதுதான்.

பதுளை இளவல்
9 ஜனவரி 2026, இரவு 9.12

என் பதிலும் அதுதான் அண்ணா. நான் 12க்குக் காத்திருக்கிறேன், எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

தலவாக்கலை ஒளிப்பதிவாளன்
24 ஜனவரி 2026, இரவு 11.45

வாங்கிவிட்டேன். 5060, 100 வாட். தடித்த உடம்பு, இரண்டரைக் கிலோ இருக்கும். விசிறி மூடியில் ஆறு திருகாணிகள்தான். 32 ஜிகாபைட் நினைவகத்தோடு உள்ளதைக் கேட்டேன். நவம்பரில் பார்த்த விலைக்கும் இப்போது சொன்ன விலைக்கும் இடையில் என் பணம் போதவில்லை. 16 ஜிகாபைட் ஒரே பலகையாக உள்ளதை எடுத்தேன், இன்னொரு இடம் காலியாக இருக்கிறது. தடுப்பியும் வாங்கினேன். மீதியில் இரண்டாவது வன்தட்டு ஒன்று வாங்கி எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டேன். அது இப்போது நுவரெலியாவில் ஆசிரியர் வீட்டில் இருக்கிறது.

முதலில் திறந்தது 2023ஆம் ஆண்டு இரவு ஒன்றை. ரதி வேடம் கட்டியவர் ஒப்பாரி பாடிக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வருகிற இடம். பழைய இயந்திரத்தில் அவர் முகம் எப்போதும் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி பறந்துகொண்டே இருக்கும். மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது இன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். ஒரு மணி நேரம் அறையை விட்டுப் போகவில்லை.

16 ஜிகாபைட் பொது நினைவகம்தான் இப்போது இறுக்கிப் பிடிக்கிறது. மாசி முடிந்ததும் அடுத்த பலகைக்குச் சேர்க்க வேண்டும்.

பண்டாரவளைப் பட்டறை
25 ஜனவரி 2026, காலை 6.50

தம்பி, சேர்க்க வேண்டாம். ஓகஸ்டில் ஒரு வாடிக்கையாளருக்காக வாங்கி அவர் எடுக்காமல் விட்ட 16 ஜிகாபைட் டிடிஆர்5 பலகை ஒன்று என் இழுப்பறையில் இருக்கிறது. ஓகஸ்ட் விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள், மாசிக்குப் பிறகு கொடுத்தால் போதும். உங்கள் மடிக்கணினியின் முழு மாதிரி எண்ணை அனுப்புங்கள், பொருந்துமா என்று பார்த்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், நான் உள்ளே இருப்பேன். பஸ்ஸில் வரும்போது மேலே சாமான் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.